கை தூக்கினால் மிஷின் நிற்கும்

கல் உடைக்கும் மிஷினுக்கு என் காதைக் கொடுத்த பிறகுதான் மகள் பிறந்தாள். பதினோரு வயதாகிறது. அவள் குரல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெருவே அவளை வாயாடி என்கிறது. குவாரி இரைச்சலில் நாங்கள் எல்லாருமே கையால்தான் பேசுவோம். அவள் பேச்சு வந்தால் லாரி டிரைவர் தன் தொண்டையைத் தொட்டுவிட்டு விரலை நக்கிக் காட்டுவான். குரல் அவ்வளவு இனிப்பாம். நானும் வருஷக்கணக்காக அதைச் சப்பிக்கொண்டு, மனசுக்குள் ஒரு குரலைச் செய்து வைத்திருந்தேன்.

காது மிஷின் மாட்ட மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தொண்டை கட்டிவிடும் என்று அதற்கு முந்தின நாள் முழுக்க வாயாடி வாயைத் திறக்கவில்லை.

மிஷினை மாட்டுகிற அம்மா காதில் வைத்து அழுத்தினார். முதலில் மனைவியின் குரல் வந்தது.

"கேக்குதா? போச்சு போ. இனிமே உங்களைத் திட்டணும்னா நான் தெருவுக்குத்தான் போகணும்."

கொஞ்சம் கரகரப்பு. இருந்தாலும் பழைய குரல், அவளேதான். சிரித்துவிட்டேன். அதைப் பார்த்து மகள் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, நான்தான்ப்பா. கேக்குதாப்பா? நான் உனக்கு ஒண்ணு..."

தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது. என் வலது கை தலைக்கு மேலே எழுந்தது, உள்ளங்கை விரிந்து. குவாரியில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மிஷினை நிறுத்து. கல் மிஷின் ஓடுகிற அதிர்வு கொஞ்சம் தப்பினால் போதும், நான் நினைப்பதற்குள் கை எழுந்துவிடும். இருபது வருஷப் பழக்கம்.

வேறு பிள்ளைக்குப் புரிந்திருக்காது. இவள் நடக்கக் கற்குமுன் அந்தக் கையைக் கற்றவள். பால் போதும் என்பதற்கும் அதையேதான் காட்டுவாள். பாதி வார்த்தையில் நின்றுவிட்டாள்.

"புதுசா கேக்குற குரல் எல்லாமே முதல்ல அப்படித்தாங்க இருக்கும். பழகிடும்" என்றார் அந்த அம்மா.

"கேட்டுக்கோ. எல்லாம் மிஷினாலதான்டி" என்றாள் மனைவி.

"நல்லா இருக்குடா கண்ணு. பேசு" என்றேன். என் குரலே எனக்குக் கேட்டது. பொய் சொல்கிறவன் குரல்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். பதினோரு வருஷமாக அதைப் படித்தே வளர்ந்தவள். அவளிடம் அதை எங்கே கொண்டுபோய் ஒளிக்க?

பஸ்ஸில் எல்லாம் கேட்டது. ஹாரன், சில்லறைக்குச் சண்டை, யாரோ ஒரு குழந்தை ஓயாமல் பேசுவது. என்னை ஒட்டி உட்கார்ந்திருந்த மகள் என் தோளைத் தட்டினாள். வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

பசிக்கிறதாம்.