நேர்ந்துவிட்ட பெண்

மகன் சந்தியாகு வைசூரி கண்டு கிடந்தபோது, அவன் பிழைத்தால் மகளைக் கன்னியர் மடத்துக்குக் கொடுத்துவிடுவதாக அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். அவன் பிழைத்துவிட்டான். மகள் சவரியாயிக்குப் பதினெட்டு முடிந்ததும் திண்டுக்கல் மடத்துக்கு அவளைக் கூட்டி வந்தாள். டிரங்குப் பெட்டியைச் சுமந்து வந்தவன் சந்தியாகுதான்.

"விருப்பத்தோடதானம்மா வந்திருக்க?" என்று சவரியாயியிடம் கேட்டார் மடத்துத் தலைவியான மதர்.

"நேர்த்திக்கடன் மதர்" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

"ஒன்னயவா கேட்டாங்க?" சவரியாயி எழுந்து நின்றாள். "எனக்கு இஷ்டமில்ல மதர். ஞாயித்துக்கிழமையானா ஒங்க தர்மாஸ்பத்திரிக்கு வந்து தொழுநோய்க்காரங்க புண்ணக் கழுவிக் கட்டுறேன். அது யாரும் சொல்லிச் செய்யல. அதுக்கு எப்பக் கூப்பிட்டாலும் வாரேன். கெடா மாதிரி நேர்ந்துவிட்டு இழுத்தாந்தா மட்டும் வரமாட்டேன்."

அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "மாதாகிட்டக் குடுத்த வாக்குடீ! அந்தக் கடன யாரு தீக்கிறது?"

"பொழச்சது யாரு? அண்ணன்தான? சாமியாருக்குப் படிக்க அவன அனுப்பு."

அம்மைத் தழும்பு நிறைந்த முகத்தைச் சந்தியாகு சட்டென்று கவிழ்த்துக்கொண்டான்.

"அவன் எனக்கு ஒத்த ஆம்பளப் புள்ளடீ!" என்று அம்மா அலறினாள்.

அண்ணன் கையிலிருந்த பெட்டியைச் சவரியாயி பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நானும் ஒனக்கு ஒத்தப் பொட்டப்புள்ளதாம்மா."