பதினெட்டு வருட அனுபவம்

துறை அலுவலகத்துக்கு வெளியே ஒட்டியிருந்த பட்டியலில் பாப்பாவின் பெயர் கடைசியில் இருந்தது. அதற்காக அவள் வருத்தப்படவில்லை. பெயருக்கு நேரே எழுதியிருந்ததைத்தான் நம்பாமல் இரண்டு முறை படித்தாள். ஆற்றுப் பயணம், இருபத்தாறு கிலோமீட்டர், சைக்கிளில். அவளுடைய வேலை வரிசையின் கடைசியில் ஓட்டி வந்து யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்வது. அந்த வேலையை ஏன் அவளுக்குக் கொடுத்தார்கள் என்றும் போட்டிருந்தார்கள். குழுவிலேயே அதிக அனுபவம் அவளுக்குத்தானாம், பதினெட்டு வருடம்.

வீட்டுக்குத்தான் அவள் பாப்பா. வயது இருபத்திமூன்று. கடல் தாண்டி வந்து ஆற்று வண்டலைப் பற்றி மேற்படிப்பு படிக்கிறாள். சைக்கிளோடு அவளுக்கு இருந்த ஒரே உறவு, பள்ளிக்கூட நாட்களில் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போனதுதான். அதிலும் பாதி தூரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். வகுப்பில் மற்றவர்கள் சனிக்கிழமைகளில் சைக்கிளில் கிளம்பும்போதெல்லாம், தனக்குப் பேருந்துதான் பிடிக்கும், ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊர் நன்றாகத் தெரியும் என்று சொல்லித் தப்பித்து வந்தாள். அவர்களும் நம்பினார்கள்.

அன்று மாலையே அப்பாவைப் போனில் கூப்பிட்டாள். அப்பா பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே முப்பது வருடமாக மேஜை போட்டு, ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். மகளின் சேர்க்கைப் படிவங்களை வேறு ஒருவர் தொட விடுவாரா? அவருடைய தொழிலில் இரண்டே சட்டம்தான். ஒரு கட்டமும் காலியாக இருக்கக்கூடாது. எந்தக் கட்டத்திலும் 'இல்லை' வரக்கூடாது. 'இல்லை' என்று எழுதினால் ஏன் இல்லை என்று கேட்பார்கள், 'ஆம்' என்று எழுதினால் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள் என்பது அவருடைய கட்சி. பாப்பாவின் வேலை, அவர் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போடுவது. படித்துப் பார்த்துப் போடுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

"பதினெட்டு வருஷம்னு எப்படிப்பா போட்டீங்க?"

"அஞ்சு வயசுல மூணு சக்கர சைக்கிள் வாங்கிக் கொடுத்தேனே, மறந்துட்டியா? கூட்டிப் பாரு, சரியா வரும்" என்றார் அப்பா. கணக்கில் பிழை இல்லை என்பதால் அவருக்குக் குரலில் பிசிறே இல்லை.

படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தாள். நீந்தத் தெரியுமா? ஆம். முதலுதவி தெரியுமா? ஆம். இருபது பேருக்குச் சமைத்த அனுபவம் உண்டா? ஆம். எல்லாவற்றுக்கும் கீழே, தகவல் பொய் என்று தெரிந்தால் சேர்க்கை ரத்தாகலாம் என்று ஒரு வரி. அதற்கும் கீழே பாப்பாவின் கையெழுத்து, வளைவு சுளிவோடு அழகாக இருந்தது.

மூன்றாவது மாடியில் அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்டவள் இன்னொரு தமிழ்ப் பெண். புள்ளியியல் மாணவி. பால் பொங்குவதைக்கூடப் பார்த்துப் பார்த்து விவரிப்பாள் என்பதால் அவளுக்குக் கமெண்டரி என்று பெயர் வைத்திருந்தாள் பாப்பா. போய் உண்மையைச் சொல்லிவிடு, ஆய்வகக் குழுவுக்கு மாற்றிவிடுவார்கள், தலையா போகும் என்றாள் கமெண்டரி. தலை போகாது, ஆறு போய்விடும். அந்த ஆற்று மதகை வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் முழுசாகத் திறப்பார்கள், நண்பகல் பன்னிரண்டுக்கு. அதற்கு முன் எடுத்தால்தான் ஒரு வருடமாக அடியில் படிந்த வண்டல் கிடைக்கும். திறந்த பிறகு எல்லாம் கலங்கி ஓடிவிடும். பாப்பாவின் ஆய்வேடே அந்த வண்டல்தான். அது இல்லையென்றால் இன்னொரு வருடம் உட்கார வேண்டும். வாகனத்தில் போகவும் வழியில்லை. கரையோரப் பாதையில் சைக்கிளுக்கு மட்டும்தான் அனுமதி, சுற்றிவரும் சாலையில் வருகிற ஒரே வேனில் கருவிகளுக்கே இடம் போதவில்லை.

மிச்சமிருந்தது மூன்று வாரம்.

விடுதியின் அடித்தளத்தில், படித்து முடித்துப் போனவர்கள் விட்டுப்போன சைக்கிள்கள் குவிந்து கிடந்தன. ஒன்றைக் கையெழுத்துப் போட்டு எடுத்தாள், இந்த முறை படித்துப் பார்த்துவிட்டு. பயிற்சிக்கு இடம் கமெண்டரி கண்டுபிடித்தாள். பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய மரச்சாமான் கடை. காலை பத்து மணிக்குத்தான் திறக்கும். அதுவரை அதன் வண்டி நிறுத்தும் மைதானம் வெள்ளைக் கோடுகளோடு காலியாகக் கிடக்கும். பாப்பா விழுவாள், கமெண்டரி தள்ளுவண்டி ஒன்றில் ஏறி உட்கார்ந்து வாயால் ஓட்டுவாள்.

"கீழ பார்க்காத."

"கீழ பார்க்காம எங்கடி பார்க்கிறது?"

"விழப்போற இடத்தை விடு. போகப்போற இடத்தைப் பாரு."

"உனக்கு முதல்ல ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் இவ்வளவு தெளிவா சொல்ல முடியுது."

முதல் வாரம் முழங்கால்களுக்கே சரியாகப் போனது. வகுப்பில் மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் அப்பாவை நினைத்துக்கொண்டாள், அன்பாக அல்ல. இரண்டாம் வாரம் சைக்கிள் ஓடியது. ஆனால் இறங்கத் தெரியவில்லை. நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் புல்மேட்டைப் பார்த்து விட்டுவிடுவாள். சலவை அறையில் அவளுடைய துணியைப் பார்த்த பக்கத்து அறைக்காரி, நீ தோட்ட வேலைக்கா போகிறாய் என்று விசாரித்தாள். மூன்றாம் வாரம் இறங்கவும் வந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. சமதரையில் நின்றபடி ஏறிக் கிளம்ப வரவில்லை. காலை ஊன்ற நடைபாதை விளிம்போ, கையால் பிடிக்க ஒரு கம்பமோ வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு முழம் போய்ச் சாய்ந்துவிடுவாள். மிதிப்பதைக் கற்றவளுக்குத் தொடங்குவது மட்டும் கைகூடவில்லை. அதற்குள் நாள் வந்துவிட்டது.

பதினான்கு பேர் கிளம்பினார்கள். முன்னால் பேராசிரியை, ஒல்லியான அம்மாள். கடைசியில் கழுத்தில் விசிலோடு பாப்பா. அவளுக்கு முன்னால் போனவன் வகுப்பிலேயே உயரமானவன். மனதுக்குள் அவனை ஒட்டகம் என்றுதான் சொல்லுவாள். வண்டல் எடுக்கும் பன்னிரண்டு கண்ணாடிக் குப்பிகள் இருந்த பெட்டி அவன் சைக்கிளில்தான் இருந்தது.

கரையோரப் பாதை அழகாக இருந்திருக்கும். பாப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒட்டகத்தின் முதுகும், எங்கெங்கே கம்பம் இருக்கிறது என்பதும்தான். முதல் நிறுத்தத்தில் ஒரு வேலியைப் பிடித்து ஏறினாள். இரண்டாவதில் ஒரு மைல்கல். மூன்றாவதில் ஒரு மர பெஞ்சு. ஒருவரும் கவனிக்கவில்லை. கடைசியில் வருகிறவளை யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்? பட்டியலில் கடைசி இடம் கிடைத்ததற்காக முதன்முறையாக சந்தோஷப்பட்டாள். பதினைந்து கிலோமீட்டர் தாண்டியதும் பயம்கூடக் கொஞ்சம் விட்டது. காற்று முகத்தில் அடித்தது, தன்னையறியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

இருபதாவது கிலோமீட்டரில், சரளைக்கல் வளைவில் ஒட்டகம் சறுக்கி விழுந்தான்.

பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுடைய கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. பாப்பா விசிலை ஊதினாள், எதிர்க்காற்று அதை அவளிடமே திருப்பிக் கொண்டுவந்தது. முன்னால் போனவர்கள் எப்போதோ கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள், பெட்டியின் கனத்தால் ஒட்டகம் அவ்வளவு பின்தங்கியிருந்தான். அவன் பேராசிரியையைப் போனில் பிடித்தான். அவர்கள் மதகை நெருங்கிவிட்டார்களாம். சாலை வழியே வேன் வந்து அவனை ஏற்றிக்கொள்ள முக்கால் மணி நேரம் ஆகும். பெட்டி அதற்கு முன்னால் வந்தாக வேண்டும். அப்போது மணி பதினொன்று பதினெட்டு. இன்னும் ஆறு கிலோமீட்டர் இருந்தது.

நல்லவேளை, கூட இருப்பது நீ என்றான் ஒட்டகம், வலியிலும் சிரித்துக்கொண்டு. பதினெட்டு வருடம் ஆயிற்றே.

பெட்டியைத் தன் சைக்கிளின் பின்னால் வைத்துக் கயிற்றால் கட்டினாள். கட்டிவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். வேலி இல்லை, கல் இல்லை, கம்பம் இல்லை, ஒரு மரம்கூடக் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. உள்ளங்கை மாதிரி சமமான பாதை. எதிரே தரையில் உட்கார்ந்து அவளையே பார்க்கிற ஒரு பார்வையாளன் வேறு.

முதல் முறை மிதித்தாள். பெட்டியின் கனம் ஒரு பக்கம் இழுத்தது, காலை ஊன்றிவிட்டாள். இரண்டாவது முறை குப்பிகள் கலகலவென்று ஒலித்தன, மறுபடியும் காலை ஊன்றினாள். ஒட்டகத்தின் புருவம் உயர்ந்தது. பாப்பாவுக்குக் காது சிவந்து, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இனி மூடி மறைக்க என்ன இருக்கிறது?

அவனிடம் சொல்லிவிட்டாள். பதினெட்டு வருடம் பொய், மூன்று வாரம்தான், சமதரையிலிருந்து இதுவரை ஒரு முறைகூடக் கிளம்பியதில்லை. ஒட்டகம் முதலில் நம்பவில்லை. பிறகு அவள் முழங்கால் தழும்புகளைப் பார்த்து நம்பினான். மூன்று வாரத்தில் இருபது கிலோமீட்டர் என் பின்னாலேயே வந்தாயா என்று கேட்டான். கேலியே இல்லாமல் கேட்டான். அப்படியென்றால் இன்னும் ஆறும் வருவாய் என்றான்.

சொன்னதும் உடம்பு லேசானது. வால் மாதிரி மூன்று வாரமாகப் பின்னாலேயே வந்த பயம் அந்த இடத்திலேயே கழன்று விழுந்தது. வலது மிதியை மேலே கொண்டுவந்து வைத்தாள். கீழே பார்க்கவில்லை. தூரத்தில் பாதை திரும்பும் இடத்தை மட்டும் பார்த்தாள், அழுத்தினாள். சைக்கிள் ஒரு முறை உதறியது, இன்னொரு முறை உதறியது, பிறகு நேரானது. பின்னாலிருந்து ஒட்டகம் கத்திய கத்தலில் பறவைகள் எழுந்து பறந்தன.

ஆறு கிலோமீட்டரையும் அவள் ராணி மாதிரி ஓட்டினாள் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் நாக்கு தள்ள ஓட்டினாள். தொடை எரிந்தது, வியர்வை கண்ணை மறைத்தது, தமிழில் தெரிந்த எல்லா வசவுகளையும் அப்பாவின் பெருக்கல் குறிகளுக்கு வழங்கிக்கொண்டே மிதித்தாள். மதகு தெரிந்தபோது மணி பதினொன்று நாற்பத்தேழு. கரையில் வரிசையாக நின்று கைதட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டு பேருக்கு நடுவே, புல்மேடு எதையும் தேடாமல், பிரேக்கைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, அழகாக இறங்கினாள். பேராசிரியை பெட்டியைத் திறந்து எண்ணினார். பன்னிரண்டும் முழுசாக இருந்தன.

வண்டலைத் தானே எடுத்தாள். முழங்கை வரை சேறு. கடைசிக் குப்பியை மூடி எண் எழுதி நிமிர்ந்தபோது சைரன் ஒலித்து மதகு திறந்தது. ஒரு வருடத்து ஆறு அவள் கண்ணெதிரே செம்மண் நிறத்தில் புரண்டு போயிற்று. எனக்கு வேண்டியது என்னிடம் இருக்கிறது என்று அவளுக்குச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. யாருக்கும் புரியாத மொழி என்பதால் சொல்லியும் விட்டாள்.

மறுநாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முழங்கால் விஷயத்தைக் கேட்டதும் மருந்து போட்டாயா என்று இரண்டு முறை விசாரித்தார். பிறகு, இருந்தாலும் தான் எழுதியது கடைசியில் சரியாகத்தானே போயிற்று என்று தேறிக்கொண்டார்.

"இல்லப்பா. நாளைக்குப் போய் அந்தப் படிவத்தைத் திருத்தப் போறேன்."

மறுபக்கம் பேனாவை மூடித் திறக்கும் சத்தம் கேட்டது. முப்பது வருடத் தொழில் அதற்குள் ஒரு சுற்று சுற்றி வந்திருக்க வேண்டும்.

"சரி" என்றார் அப்பா. "அடிச்சுத் திருத்தினா பக்கத்துலேயே சின்னக் கையெழுத்து போடணும். அதை விட்டுடாத."

துறை அலுவலகத்தில் எழுத்தர் அம்மாள் கோப்பை எடுத்துக் கொடுத்தார். ரத்து என்ற வரியைப் பாப்பா இன்னொரு முறை படித்தாள். நீச்சலுக்கு எதிரே இருந்த 'ஆம்' என்பதை அடித்து 'இல்லை' என்று எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் குடும்பம் ஒரு படிவத்தில் எழுதிய முதல் 'இல்லை' அதுதான். முதலுதவிக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று. அனுபவம் பதினெட்டு வருடம் என்பதை அடித்து, மூன்று வாரம் என்று எழுதினாள்.

எழுத்தர் அம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கி அந்த மூன்று வாரத்தையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். தானாக வந்து திருத்துகிறவர்கள் மேல் நடவடிக்கை கிடையாது என்றார். பேராசிரியை அறிக்கை அனுப்பிவிட்டதாகவும், அடுத்த பயணத்திலும் கடைசி ஆளாக இவளே வர வேண்டும் என்று அதில் கேட்டிருப்பதாகவும் சொன்னார். இதற்கு ஆட்சேபம் உண்டா? பாப்பா இல்லை என்று தலையாட்டினாள்.

கோப்பை மூடும் முன் எழுத்தர் அம்மாள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சரிபார்த்தார். சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்ற வரியில் விரல் நின்றது. இங்கே திருத்தம் எதுவும் இல்லையா என்று கேட்டார்.

அந்தக் கட்டத்தில் அப்பாவின் கையெழுத்தில் 'ஆம்' என்று இருந்தது. அது அப்படியே இருக்கட்டும் என்றாள் பாப்பா.