இரண்டாவது தம்ளர்

ஆடி மாதத்தில் சங்கரன்கோவிலிலிருந்து சைக்கிளை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் அந்த மூன்று பேருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஒத்துப்போனது தொப்பையில் மட்டும்தான். விடிகிற நேரத்தில் டீக்கடை முன்னால் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு, மிதிக்கிற நேரத்தைவிடப் பேசுகிற நேரம்தான் அதிகம் என்று தெருவே கேலி பண்ணும்படி பேசுவார்கள்.

"கரிவலம் ரோடு வேண்டாம். லாரிக்காரன் காதுக்குள்ள வந்து ஹாரன் அடிக்கான்" என்பார் முத்துக்கிருஷ்ணன். அரசாங்க உத்தியோகம். வெயிலும் லாரியும் இல்லாத சாலை எங்கேயாவது இருந்தால் அங்கே மட்டும் மிதிக்கத் தயாராக இருந்தார்.

"அப்போ இளையரசனேந்தல் போவோம். மேக்காத்து முதுகுல கை வச்சுத் தள்ளும், மிதிக்கவே வேண்டாம்" என்பான் விஜய்சங்கர். மூவரில் இளையவன். பெங்களூர் கம்பெனி வேலையை இங்கே மாடியறையில் உட்கார்ந்து பார்க்கிறவன்.

"போகும்போது தள்ளும். வரும்போது யாருலே தள்ளுவா, ஒங்க கம்பெனிக்காரனா?" என்று சிரிப்பார் சங்கரபாண்டி. "கடையநல்லூர் ரோட்டுல போங்க. எதிர்க்காத்தை முதல்ல மிதிச்சு முடிச்சிரணும். பொறவு வீடு வரைக்கும் சும்மா வரலாம்."

கடைசியில் அவர் சொன்ன பக்கம்தான் போவார்கள். அவர் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். பூ வாடுவதற்குள் முடிவெடுத்துப் பழகிய மனிதர்.

டீ இரண்டாவது ரவுண்டு வரும்போது பேச்சு பீருக்கு வந்துவிடும். விஜய்சங்கர் பெங்களூரில் பழகிய, கைப்பக்குவமாகக் காய்ச்சுகிற கிராஃப்ட் பீரை மறக்க முடியாமல், மாடியில் தானே காய்ச்ச ஆரம்பித்திருந்தான். பார்லியும் ஈஸ்ட்டும் பார்சலில் வரும். காய்ச்சியதைத் தண்ணீர் கேனில் ஊற்றி மூடி, அது குமிழ் விடுவதை ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவிலும் எட்டிப் பார்ப்பான். இது வெளியே தெரிந்தால் போலீஸ் வரும் என்பதால் முத்துக்கிருஷ்ணனுக்கும் சங்கரபாண்டிக்கும் மட்டும்தான் தெரியும். முத்துக்கிருஷ்ணன் அரசாங்க ஊழியர் என்ற முறையில் கண்டித்துவிட்டு, மனிதர் என்ற முறையில் இரண்டு பாட்டில் வாங்கிப் போவார்.

"அதென்னலே கிராஃப்ட்டு? மாலை கட்டுறதுதான் கிராஃப்ட்டு" என்பார் சங்கரபாண்டி. ஆனால் கேட்பார். என்ன நிறம், எத்தனை நாள் ஊறும், வாசனை எப்படி என்றெல்லாம் கேட்பார். கேட்டுவிட்டு டீயைக் குடித்து முடித்து முதல் ஆளாக எழுந்துவிடுவார். அவர் ஏன் அப்படி எழுந்து போகிறார் என்று விஜய்சங்கர் யோசித்ததே இல்லை. யோசித்திருக்க வேண்டும்.

ஏனென்றால் சங்கரபாண்டியின் பழைய கதை தெருவுக்கே தெரியும். கண்ணைக் கட்டிவிட்டு ஊற்றிக் கொடுத்தாலும் எந்தச் சரக்கு என்று சொல்லிவிடுகிற நாக்கு அவருக்கு. அந்த நாக்கு அவர் கடையைப் பாதி தின்றது. மிச்சத்தைத் தின்பதற்குள் மனைவி வடிவாம்பாள் மகளைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டியில் இருந்த பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் கோமதி அம்மன் சன்னிதி முன்னால் உள்ளங்கையில் சூடம் ஏற்றி, அதை அணைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் திரும்பி வந்தாள். அதிலிருந்து அவர் தொட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் ஆடித்தபசுக்குக் கொடி ஏறியதும் விரதம் இருந்து கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார். ஆடிச்சுற்று என்பார்கள். வேண்டிக்கொண்டவர்கள் நூற்றுக்கணக்கில் சுற்றுவார்கள். மற்றவர்களுக்கு அது வேண்டுதல். அவருக்கு அது வேலி.

இந்த வருஷம் கொடி ஏறிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விஜய்சங்கரின் சைக்கிள் பஞ்சர். சங்கரபாண்டி ஒட்டிக் கொடுக்க அவன் வீட்டு மாடிக்கே வந்தார்.

"பீர் காய்ச்சத் தெரியுது, ஒரு பஞ்சர் ஒட்டத் தெரியல. என்ன படிப்புலே படிச்ச?" என்று டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே கேட்டார்.

வேடிக்கைப் பேச்சுதான். ஆனாலும் சுருக்கென்றது. முதல்நாள்தான் புது பீர் ஒன்று தயாராகியிருந்தது. உடன்குடிக் கருப்பட்டியும் சுக்கும் போட்டது. முத்துக்கிருஷ்ணனிடம் கொடுத்தால் பிரமாதம் என்பார். ஓசியில் கிடைத்தால் அவர் கழுநீரையும் பிரமாதம் என்பார். பெங்களூர் நண்பர்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் உண்மையான நாக்கு ஒன்று வேண்டியிருந்தது. அந்த நாக்கு இதோ, வியர்த்து விறுவிறுத்து, கையெல்லாம் பசையோடு எதிரே உட்கார்ந்திருந்தது.

கொஞ்சம்தான் போதை இருக்கும், இதெல்லாம் குடியில் சேர்த்தியா என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். எவர்சில்வர் தம்ளரில் ஊற்றி நுரை அடங்கும் வரை காத்திருந்து நீட்டினான். வெயில் நேரத்தில் கோயில் வாசலில் கொடுப்பார்களே, அதே நிறம்.

"பானகம் அண்ணாச்சி. கருப்பட்டி, சுக்கு."

சங்கரபாண்டி ஒரு மடக்குக் குடித்தார். நிறுத்தினார். தம்ளருக்குள் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையை விஜய்சங்கர் ருசிக்கிற பார்வை என்று எடுத்துக்கொண்டான். மீதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் ஊற்றிக்கொண்டு வந்தான். இரண்டாவதை அவர் மெதுவாக, கண்ணை மூடிக் குடித்தார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். டியூபைச் சக்கரத்தில் மாட்டாமலே கீழே இறங்கிப் போய்விட்டார்.

டியூபும் சக்கரமும் தனித்தனியாகக் கிடந்ததைப் பார்த்தபோதுதான் அவர் கண்டுபிடித்துவிட்டாரோ என்று விஜய்சங்கருக்குத் தோன்றியது.

மறுநாள் அவர் சைக்கிளுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் 'நாளை எந்தப் பக்கம்?' என்று முத்துக்கிருஷ்ணன் கேட்ட கேள்வி பதில் இல்லாமல் கிடந்தது. டீக்கடையில் அவர்தான் விஷயத்தையும் சொன்னார்.

"சங்கரபாண்டி ஆடிச்சுத்தை நிறுத்திட்டாராம்வே. கோயில் பக்கமே வரலையாம். ஒடம்பு கிடம்பு சரியில்லையோ?"

விஜய்சங்கர் டீயைப் பாதியில் வைத்துவிட்டான். போனில் கூப்பிடலாம் என்று எடுப்பான், வைத்துவிடுவான். கண்டுபிடித்திருக்க மாட்டார் என்று ஒரு நேரம் தோன்றும். அந்த நாக்கா கண்டுபிடிக்காது என்று அடுத்த நேரம் தோன்றும். விரதம் இருக்கிற மனிதனுக்குச் சாமி பிரசாதத்தின் பெயரைச் சொல்லி ஊற்றிக் கொடுத்திருக்கிறோமே என்று நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசியது. மாடியில் மிச்சமிருந்த பாட்டில்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பிய விஜய்சங்கரை வடிவாம்பாள் தெருவில் நிறுத்தினாள். முகம் வாடிக் கிடந்தது.

"தம்பி, அவுக ஒங்ககிட்ட எதுவும் சொன்னாகளா? ராவெல்லாம் முழிச்சுக் கெடக்காக. கோயிலுக்குப் போங்கன்னா போக மாட்டேங்காக. கேட்டா எரிஞ்சு விழுதாக." குரல் தாழ்ந்தது. "பழைய கூட்டாளி எவனும் வந்து கூப்பிட்டானோன்னு பயமா இருக்கு தம்பி. ஒங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவனும் வாயைத் திறந்தான்.

"இல்லையே மதினி. எனக்கு ஒண்ணும் தெரியாது. வேலை டென்ஷனா இருக்கும்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நம்பிவிட்டாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அவள் திட்டியிருந்தால்கூட நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான்.

மறுநாள் விடியும் முன்னமே பூ மார்க்கெட்டுக்குப் போனான். தபசு நேரம். பிச்சியும் மல்லிகையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. விலை கேட்கிற சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது காதில் விழாது. சங்கரபாண்டி தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஷேவ் பண்ணாத முகம். அவனைப் பார்த்ததும் எடை போடுவதை வேலையாளிடம் விட்டுவிட்டுச் சுவரோரமாக வந்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் குடுத்தது பானகம் இல்ல."

"தெரியும்."

"எப்போ..."

"நாக்குல பட்டதுமே தெரியும்லே. என்கிட்டயா பானகம்ங்க?" அவர் சிரிக்கவில்லை. "நல்லாத்தான் இருந்துது. சுக்குதான் ஒரு பொடி கூட."

அந்த வார்த்தைக்காகத்தான் அவ்வளவும் செய்தான். இப்போது அதைக் கேட்க அருவருப்பாக இருந்தது. கண் கலங்கிவிட்டது.

"என்னைச் செருப்பால அடிங்க அண்ணாச்சி. நான் செஞ்சது மன்னிக்கக்கூடிய காரியமே இல்ல."

"அடிக்கலாம்தான்" என்றார். "ஆனா அடிக்க எனக்கு யோக்கியதை வேணும்லா? மொதல் தம்ளர் நீ குடுத்தது. ரெண்டாவது நானாக் கேட்டது. ஒன்னைத் திட்டிட்டு எந்திரிச்சு வந்திருக்கணும். வரலையே." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அன்னைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். பிராந்திக் கடை வாசல்ல போய் நின்னேன். திரும்பிட்டேன். நேத்தும் போனேன், திரும்பிட்டேன். நாளைக்குத் திரும்புவேனான்னு எனக்கே தெரியலலே. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அம்மன் கோயிலை எப்படிச் சுத்துவேன்?"

பூ மூட்டைகளுக்கு நடுவே அந்தப் பெரிய உருவம் பயந்துபோய் நின்றது. விளையாட்டாக ஊற்றிய ஒரு தம்ளர் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்று விஜய்சங்கருக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

"மதினிகிட்ட நான் சொல்லுதேன் அண்ணாச்சி."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "ஒன் தம்ளரை நீ சொல்லு. என் தம்ளரை நான் சொல்லுதேன்" என்றார். "வா, இப்பவே போயிருவோம். எதிர்க்காத்தை முதல்ல மிதிச்சிரணும்."

சைக்கிள்களை உருட்டிக்கொண்டே நடந்தார்கள். ஏறி மிதிக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வடிவாம்பாள் கதவைத் திறந்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே வழிவிட்டாள். விஜய்சங்கர் நின்றபடியே சொன்னான். ருசி பார்க்க ஆள் வேண்டியிருந்ததையும், பானகம் என்று பொய் சொன்னதையும் மறைக்காமல் சொன்னான். சங்கரபாண்டி தரையைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது தம்ளரையும் கடை வாசலில் நின்றதையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

அவள் கத்தவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பித்தானே வந்தீக?" என்று புருஷனிடம் கேட்டாள். "போய்க் குளிங்க. மொதச் சுத்துல இருந்து ஆரம்பிப்போம். நானும் கூட வாரேன். அம்மன் வேண்டாம்னு சொன்னா அங்கன வச்சுச் சொல்லட்டும்."

சங்கரபாண்டி ஒரு சிறுபிள்ளையைப் போலத் தலையாட்டினார். விஜய்சங்கருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கிய மாதிரி இருந்தது. விடைபெற்றுக்கொள்ளக் கையைக் கூப்பினான்.

வடிவாம்பாள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அவுக குடிச்சதை அவுக சொல்லிட்டாக. ஊத்துனதை நீங்க சொல்லிட்டீக. நேத்து நடுத்தெருவுல அழாத குறையா ஒங்ககிட்ட வந்து கேட்டேன். ஒண்ணும் தெரியாதுன்னீகளே தம்பி. அதை ஒங்களுக்கு யாரு ஊத்திக் குடுத்தா?"

கூப்பிய கை அப்படியே நின்றது.