ஊசியக்காவின் இரண்டாவது கேள்வி

1

இந்தக் கதை பிறந்தது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். கையை நீட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். ஊசியோடு வந்த பெண்மணி, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். விடவில்லை. "தலைமுடிக்கு, நகத்துக்கு, தூக்கத்துக்குன்னு ஏதாவது?" என்றார். அதெல்லாம் வைட்டமின்தானே என்றேன்.

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன். அதனால எனக்கு இல்லாத நோய் ஒண்ணு வந்துட்டுப் போச்சு," என்றார். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. அந்தப் பெண்மணியைப் போல எனக்கும் நாற்பத்தைந்தைத் தாண்டிய வயதுதான். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, கழுத்தைத் துடைத்துக்கொண்டே எழுதுகிறேன். யார் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருப்பதாக இல்லை.

2

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்த அவள் —

(அடித்துவிட்டேன். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண் என்றால் உடனே அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்திவிடுகிறோம். இவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.)

இலையுதிர்ந்த மரம்போல அவள் —

(இதுவும் வேண்டாம். மரம் சும்மா நிற்கிறது. இவள் நிற்கிற நிலையிலேயே ஆயிரம் வேலை பார்க்கிறாள்.)

வேலையிலிருந்தே தொடங்குகிறேன். பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். குழந்தைக்குக்கூட வலிக்காமல் ரத்தம் எடுப்பாள்; எடுத்ததைத் தானே இயந்திரத்தில் ஏற்றுவாள். இருபது வருஷமாக அந்த மேஜை அவளுடையது. கொஞ்ச காலமாகத்தான் உடம்பு ஒத்துழைக்க மறுத்தது. திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் காதுவரை ஏறும். நெஞ்சு படபடக்கும். நாக்கு நுனியில் இருந்த சொல் காணாமல் போகும். ஒருநாள் ஒருவருடைய ரத்தக் குழாயில் இன்னொருவருடைய லேபிளை ஒட்டப்போனாள். ஒட்டவில்லை, கடைசி நொடியில் பார்த்துவிட்டாள். ஆனால் அதைப் பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் சின்னப் பெண்ணும் பார்த்துவிட்டாள்.

கூடத்தின் தலைவர் ஒரு டாக்டர், அவளைவிட இளையவர். பதமாகத்தான் பேசினார். முன்னால் வரவேற்பு மேஜைக்கு மாறிக்கொண்டால் என்ன, உட்கார்ந்த வேலை, நிம்மதி என்றார். அவளுக்குத் திக்கென்றது. ரத்தம் எடுக்கும் மேஜையை விட்டால் தான் யார் என்று அவளுக்கே தெரியாது. என்ன ஆனாலும் நகர்வதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

3

அதற்குப் பிறகுதான் மாத்திரைப் படலம். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தூக்கத்துக்கு மெக்னீசியம் என்றாள் நாத்தனார். எலும்புக்கு வைட்டமின் டி, ஞாபகத்துக்கு மீன் எண்ணெய் என்றாள் மாடி வீட்டுக்காரி. கொத்துக் கொத்தாகக் கொட்டிய முடிக்குப் பயோட்டின் என்ற வைட்டமினை அவளே வாங்கினாள், பெரிய டப்பாவாக. காலையில் உள்ளங்கை நிறைய மாத்திரையோடு நிற்பவளைப் பார்த்து, இன்றைக்குச் சாப்பாடு வேண்டாம்போல என்று கணவர் கிண்டலடித்தார். அவள் எல்லாவற்றையும் ஒரே மடக்கில் விழுங்கினாள்.*

* எதனால் எது சரியானது என்று என்னைக் கேட்காதீர்கள். மெக்னீசியம் போட்டபின் கொஞ்சம் தூங்கினாள். மாத்திரை தூங்க வைத்ததா, அதை வாங்கிக் கொடுத்த அக்கறை தூங்க வைத்ததா, எனக்குத் தெரியாது.

படபடப்பு மட்டும் நிற்கவில்லை. தன் ரத்தத்தைக் கொடுத்துப் பார்த்தாள். மாத்திரை உண்டா என்று ஊரில் எல்லோரையும் இரண்டு தடவை கேட்பவளை அன்றைக்கு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவுக்குத் தெரியாததா என்று பக்கத்து மேஜைப் பெண் குழாயை இயந்திரத்தில் வைத்தாள். முடிவு வந்தது. தைராய்டு எக்கச்சக்கமாகச் சுரக்கிறதாம்.

4

இந்த இடத்தில் அவளை அழ வைப்பதாக இருந்தேன். எழுதியும் பார்த்தேன். பொய்யாக இருந்தது. அவள் சந்தோஷப்பட்டாள். ஆமாம், சந்தோஷம்தான்.

ஏனென்றால் நோய்க்கு ஒரு மரியாதை இருக்கிறது. "தைராய்டா? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கணவர் பதறினார், பாத்திரம் கழுவினார். ஹார்மோன் டாக்டரைப் பார்த்து மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை மேஜையை மாற்ற வேண்டாம் என்றார் தலைவர். காற்று வரும் சன்னல் ஓரத்து இடத்தையும் தந்தார். அதே சூடு, அதே படபடப்பு. வயசுக் கோளாறு என்றபோது உதட்டைப் பிதுக்கியவர்கள், நோய் என்றதும் நாற்காலி போட்டார்கள்.

(எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தோடு எழுதினால் கதை கெட்டுவிடும் என்பார்கள். கெடட்டும்.)

5

ஹார்மோன் டாக்டரைப் பார்க்க இன்னும் நாளிருந்தது. அன்று ரத்தம் கொடுக்க வந்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். தலையில் எண்ணிவிடலாம் போல முடி. மாத்திரை எதுவும் கிடையாது என்றார். ஊசியக்கா வழக்கம்போல இரண்டாவது கேள்வியைக் கேட்டாள்: முடிக்கு, நகத்துக்கு, தூக்கத்துக்கு? அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "முடிக்கு ஒண்ணு போடுறேன். வீட்ல சொல்லிடாதீங்க," என்றார். முடி மாத்திரையில் இருக்கும் பயோட்டின் ரத்தத்தில் கலந்திருந்தால் எங்கள் இயந்திரம் ஏமாந்துவிடும், தைராய்டு இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்டும், சில நாள் நிறுத்திவிட்டு வாருங்கள் என்று அவள் அவருக்கு விளக்கினாள். விளக்கிக்கொண்டே வந்தவள் பாதி வாக்கியத்தில் —

(இது நான் கைவிட்ட வாக்கியமில்லை. அவள் நிறுத்தியது.)

ஊருக்கெல்லாம் சொன்னவள் தன் டப்பாவை மறந்திருந்தாள்.

6

இங்கே நானும் அவளும் சண்டை போட்டோம். பேசாமல் இருந்துவிடு என்றேன் நான். சன்னல் ஓரம் கிடைத்திருக்கிறது, வீட்டில் பாத்திரம் தானாகக் கழுவப்படுகிறது, யாருக்கு என்ன நஷ்டம்? இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடச் சொல்கிறாயா என்று கேட்டாள்.

பயோட்டினை நிறுத்தினாள். ஒரு வாரம் கழித்துத் திரும்ப ரத்தம் கொடுத்தாள். தைராய்டு சமர்த்தாக இருந்தது. சூடும் படபடப்பும் அப்படியே இருந்தன. மேஜை போய்விடுமோ என்று அந்த நிமிஷம் அவள் பயந்தது உண்மை. வீட்டில் சொன்னபோது, "அப்ப ஒண்ணுமில்லையா?" என்றார் கணவர், நிம்மதியாக. அந்த ஒண்ணுமில்லைதான் அவளைத் தலைவர் அறைக்கு நடக்க வைத்தது.

7

இரண்டு பரிசோதனைக் காகிதங்களையும் அவர் மேஜைமேல் வைத்தாள். தவறு தன்னுடையது என்றாள். பிறகு, உட்காராமலேயே சொன்னாள்:

"எனக்கு நோய் இல்ல டாக்டர், மாதவிலக்கு நிக்கிற வயசு. ஆனா எரியுது, படபடக்குது, சில நேரம் பேர் மறக்குது. இது இன்னும் சில வருஷம் இருக்கும். அதுக்கு வைத்தியம் பாத்துக்குறேன், இந்தத் தடவை கேட்டு, தெரிஞ்சு. ஆனா மேஜையை விட மாட்டேன். இனிமே லேபிளை ரெண்டு பேர் சேர்ந்து படிச்சு ஒட்டுவோம், எனக்காக மட்டும் இல்ல, எல்லாரும். சன்னல் ஓரம் எனக்கு வேணும். நோய்னு நெனச்சு குடுத்தீங்க. நோய் இல்லாமலும் குடுங்க."

8

முடிவுகள் மூன்று எழுதினேன். முதலாவதில் தலைவர் கண்கலங்கி எழுந்து நின்றார். (மனிதர் அப்படிப்பட்டவரில்லை.) இரண்டாவதில் அவள் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தாள். (இதை எழுதிய கையை உதறினேன்.) மூன்றாவதில் யோசித்துச் சொல்கிறேன் என்றார். நிஜத்தில் நடக்கக்கூடியது அதுதான், அதனாலேயே கிழித்துப்போட்டேன்.

அந்தக் கூடத்துக்கே திரும்பிப் போய், நிஜத்தில் தலைவர் என்னதான் சொன்னார் என்று கேட்டுவிட்டு வரலாம். போகமாட்டேன். அவர் சொன்னதைத் தெரிந்துகொண்டால் நீங்கள் தப்பித்துவிடுவீர்கள். உங்களுக்கும் ஒரு அலுவலகம் இருக்கிறது, ஒரு வீடு இருக்கிறது, அங்கே கழுத்தைத் துடைத்துக்கொண்டு வேலை பார்க்கும் ஒருத்தி இருக்கிறாள். கேட்பதற்கு அவளுக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. இப்போது கேட்டுவிட்டு, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

சொல்லுங்கள்.