குரலோடு விழுங்கிய மாத்திரை

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் ஹாரன் என்றுதான் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். கண்ணில் நீர் அழுத்த நோய் வந்து பக்கப் பார்வை குறைந்ததும், அவரை ஸ்டியரிங்கை விட்டு இறக்கி டயர் பிரிவில் உட்கார வைத்துவிட்டார்கள். வண்டிகள் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மனைவி பக்கத்தில் இல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவளுக்கு வெளிநாட்டில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த அம்மாள் கண்ணயர்ந்த பிறகு அவள் போன் செய்வாள். இவர் படுக்கப் போகும் நேரம் அது.

"சொட்டு மருந்து விட்டீங்களா?"

"ஆச்சு."

"பிரஷர் மாத்திரை?"

"இரு, நீ கேக்கவே போடுறேன்."

காலையில் போட வேண்டிய மாத்திரை அது. அவராகத்தான் மாற்றிக்கொண்டார். தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டதும், "மாடு தண்ணி குடிக்கிற சத்தமே தோத்துது போங்க!" என்று அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக வேப்பெண்ணெயைக் கொடுத்திருந்தாலும் மடக்கென்று குடித்திருப்பார்.

கண் டாக்டரம்மா பரிசோதனைத் தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "கண் அழுத்தம் நல்லாவே இறங்கியிருக்கு. ஆனா பார்வை இன்னும் குறையுதே. சொட்டு மருந்தை ஒழுங்கா விடுறீங்களா?"

"என் சம்சாரம் மேல சத்தியமா விடுறேன் டாக்டர்!"

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு பகலும் இரவும் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தத்தை அளந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. "தூக்கத்துல எல்லாருக்கும் பிரஷர் கொஞ்சம் இறங்கும். நீங்க படுக்கறப்ப மாத்திரையும் போடுறீங்க, ரொம்பவே இறங்கிடுது. அப்ப கண் நரம்புக்கு ரத்தம் சரியா போய்ச் சேர்ந்திருக்காது. யாரு ராத்திரி போடச் சொன்னது?"

ஹாரன் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "யாரும் சொல்லல டாக்டர்."

அவருடைய பொது மருத்துவரிடமும் பேசி, மாத்திரையைக் காலைக்கே மாற்றினார்கள்.

அன்று போனில் மனைவியிடம் மறைக்காமல் சொன்னார்.

"நான் நச்சரிச்சதாலதானே?"

"இல்லடி. நீ சிரிக்கிறதைக் கேக்கணும்னு நானாத்தான் செஞ்சேன்."

"அதுக்கு மாத்திரை எதுக்குங்க? சிரின்னு சொன்னா சிரிக்க மாட்டேனா?" சிரிக்கத்தான் பார்த்தாள். அழுகைதான் வந்தது.

போன பார்வை திரும்பவில்லை. ஆனால் அடுத்தடுத்த பரிசோதனைகளில் அது மேலும் குறையவுமில்லை. "இருக்கிறதைக் காப்பாத்திட்டீங்க" என்றார் டாக்டரம்மா.

அதைப் போனில் சொன்னதும் மனைவி குதூகலித்தாள். "உன் முகத்தைப் பார்க்க இது போதும். எப்ப வர்ற?" என்றார் ஹாரன்.

"இந்த அம்மாவைத் தனியா விட்டுட்டு எப்படிங்க வர்றது? அவங்களுக்கு யாரு இருக்கா?"

"இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. இன்னைக்கு அவங்களாவே எழுந்து உட்கார்ந்தாங்க."

"நல்லா இருக்கட்டும்" என்றார். அந்த அம்மாள் இருக்கும்வரை மனைவி வர மாட்டாள் என்பதை மாத்திரைபோல விழுங்கிக்கொண்டுதான் அதைச் சொன்னார்.