அச்சில் இல்லாத அப்பா

மாடிப்படியில் பாதி ஏறும்போதே அந்த அலறல் கேட்டது. ஆக்ஸிஜன் மெஷின். கரண்ட் போனால்தான் அது அப்படி மூச்சு விடாமல் கத்தும். சின்னவள் மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவினாள். செருப்போடு அப்பாவின் அறைக்குள் ஓடினாள்.

வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அண்ணன் மெஷின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, தெரிந்த பட்டன், தெரியாத பட்டன் எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டிருந்தான்.

"அதை விடு! சிலிண்டர்! மூலையில இருக்கு பாரு!"

"எப்படித் திறக்கறது?"

"தள்ளு நீ."

சாவியைத் திருகினாள். குழாயை மாற்றிச் செருகினாள். சுவிட்சை அணைத்து மெஷினின் வாயை அடைத்தாள். திடீரென்று வந்த அமைதியில், மின்விசிறி கடைசிச் சுற்று சுற்றி நிற்பது கூடக் கேட்டது. அப்பாவின் நெஞ்சு மெல்ல ஏறியது. இறங்கியது. கண் மூடியே இருந்தது.

அதன் பிறகுதான் கவனித்தாள். அண்ணனின் இடது கையில் அந்த நாவல். ஆள்காட்டி விரல் ஒரு பக்கத்துக்குள் மாட்டியிருந்தது. இத்தனை களேபரத்திலும் அவன் அதைக் கீழே வைக்கவில்லை.

"இது எதுக்கு உன் கையில?"

"நீ மருந்து வாங்கப் போனதும் அப்பா முழிச்சுக்கிட்டாரு. புக்கைத் தடவிக் காட்டினாரு. நீதான் தினமும் படிச்சுக் காட்டுவியாமே, அத்தை சொன்னாங்க. சரி, ஒரு நாள் நானும் படிக்கலாமேன்னு…"

"எங்கேர்ந்து படிச்சே?"

"நீ அடையாளம் வச்சிருந்த இடத்துலேர்ந்துதான். வேற எங்கேர்ந்து படிப்பாங்க?"

அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைக்கத் தரும் மஞ்சள் துணி, அவன் விரலுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சின்னவள் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

"கேட்டுட்டு அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை." அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு."

---

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பேச்சு குறைவு. ஏன் இப்படி நாவலாகப் படித்துத் தள்ளுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் மட்டும் கொஞ்சம் வாய் திறப்பார்.

"லிஃப்ட்டுக்குள்ள ஏறினா எல்லாரும் நம்பரைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு ஒருத்தன் மூஞ்சியிலயும் தெரியாது. நாவல்லதான் அந்தக் கதவைக் கழட்டி வச்சுட்டுக் காட்டறான்."

இன்னொன்றும் சொல்வார். "கதையில வர்ற ஆளுங்களைப் பத்தித் தெரிஞ்சுக்கறது பாதிதான். படிக்கிறவன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுக்கலாம், அது மீதி. யாரைத் திட்டறான், யாருக்கு உச்சுக் கொட்டறான்னு பாரு, போதும்."

சின்னவளின் கணவனை அப்படிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நல்ல வேலை, குடி இல்லை, கை நீட்டியதில்லை. அவள் ஒரு நாவலைக் கையில் எடுத்தால் போதும், அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் கடைசிப் பக்கத்தைப் படித்துவிடுவான். அவள் பாதியில் இருக்கும்போது முடிவைச் சொல்லிவிட்டுச் சிரிப்பான். "தெரிஞ்சுபோச்சா? இப்ப வந்து வேலையைப் பாரு." புத்தகத்தில் மட்டும் என்றில்லை. அவள் சொல்ல வரும் எதையும் அவன் முடித்து வைப்பான். அவள் ஆசைப்பட்ட எதற்கும் முடிவு அவனிடம் தயாராக இருக்கும். ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். காரணம் கேட்டால் என்ன சொல்வது? இதைச் சொன்னால், "இதுக்கா வந்தே?" என்பார்கள்.

அப்பா அன்று நாற்காலியில் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "வா" என்றார். பக்கத்தைத் திருப்பினார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த 'வா' விருந்தாளிக்குச் சொன்னதா, மகளுக்குச் சொன்னதா என்று அவளுக்கு விளங்கவே இல்லை. வேண்டாத சுமை வந்து சேர்ந்தது என்று நினைத்தாரோ என்னவோ. நேராகக் கேட்கவும் பயம்.

அப்புறம் அப்பாவின் கண் போனது. கடையில் இருந்த எந்த லென்ஸுக்கும் அடங்காத கோளாறு. வேலை முடிந்து வந்து அவள் படித்துக் காட்டத் தொடங்கினாள். வாழ்க்கையில் பேசாத அப்பாவும் மகளும் கதாபாத்திரங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள்.

இந்த நாவலில் ஒரு தையல்காரர். அவர் மகள் புருஷனை விட்டுவிட்டு மழையில் நனைந்துகொண்டு அப்பா வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். சின்னவள் உற்சாகமாகப் படித்துக்கொண்டே போனாள். கண் எப்போதும் வாயைவிட இரண்டு வரி முன்னால் ஓடும். அந்த இரண்டு வரியில் தையல்காரர், 'போன இடத்திலேயே கிட' என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

அவள் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது. "தையல்காரர் கதவை அகலத் திறந்தார். 'ஏன் நனையறே, உள்ளே வா' என்றார்."

அப்பா, "ம்" என்றார்.

அன்றோடு அச்சடித்த நாவல் நின்றுபோனது. மஞ்சள் துணி அந்தப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. அவள் சத்தத்துக்காக அவ்வப்போது ஒரு தாளைப் புரட்டிக்கொண்டு, தன் தையல்காரரை நடத்திக்கொண்டு போனாள். அவர் மகளுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். மாடி அறையை ஒழித்துக் கொடுத்தார். ஏன் வந்தாய் என்று கேட்காமல், அங்கே எரியாமல் இருந்த பல்பை மாற்றினார்.

"இரு, இரு," என்று அப்பா அன்று நிறுத்தினார். "மெயினை ஆஃப் பண்ணாம ஹோல்டர்ல கை வைக்கிறானே. தையல்காரனுக்குத் தெரியாது, விடு. எழுதினவருக்காவது தெரிய வேண்டாமா?"

மறுநாள் அவள் படித்தாள்: "மேலே ஏறுவதற்கு முன்பு தையல்காரர் மெயினை அணைத்தது மகளுக்குத் தெரியாது."

"ஆங். இப்ப சரி," என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "இந்தாளு ரொம்ப நல்லவனா இருக்கானே" என்றார். அது பாராட்டா, இப்படியும் ஒரு அப்பன் இருப்பானா என்ற கிண்டலா, அவளுக்குப் புரியவில்லை.

இப்போது அண்ணன் அந்தப் பக்கத்தை உள்ளபடி படித்துவிட்டான். அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். கண் தெரியாதவரை மாதக்கணக்காக ஏமாற்றியிருக்கிறாள். அதைவிட மோசம், நீ எப்படி இருந்திருக்க வேண்டும் தெரியுமா என்று தினமும் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து குத்திக் காட்டியது போல ஆகிவிட்டது.

---

டாக்டர் வந்து பார்த்தார். "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டெதஸ்கோப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கீழ் வீட்டிலிருந்து அத்தை வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். அப்பாவுக்கு அக்கா. அவள் வாய் ஓய்ந்திருந்து யாரும் பார்த்ததில்லை. இன்று ஓய்ந்திருந்தது.

சின்னவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தண்ணீர் கொண்டு வந்தாள். கொண்டு போனாள். நேராக இருந்த போர்வையை மறுபடி நேராக்கினாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தாள். மஞ்சள் துணி இருந்த பக்கத்தைத் திறந்தாள். எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"தையல்காரர் கதவை அகலத் திறந்தார். 'ஏன் நனையறே, உள்ளே வா' என்றார்…"

சுவரில் சாய்ந்திருந்த அண்ணன் நிமிர்ந்தான். "அதுல அப்படி இல்…" என்றவன் பாதியில் நிறுத்தினான். அவளையே பார்த்தான். பிறகு விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

அவள் நிறுத்தவில்லை. காபி, மாடி அறை, பல்பு, மெயின் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அப்பாவின் மூச்சுக்கு நடுவே இடைவெளி நீண்டது. அவள் அந்த இடைவெளிகளில் இன்னும் வேகமாகப் படித்தாள். தையல்காரர் மகளுக்காக ஒரு சட்டைக்குத் துணி வெட்டத் தொடங்கியபோது அத்தையின் கை அவள் தோளில் விழுந்தது.

"போதும்மா. நிறுத்து."

---

வாடகை நாற்காலிகள் வந்தன. மனிதர்கள் வந்தார்கள். அப்பாவோடு வேலை பார்த்த வழுக்கைத் தலைக்காரர் முன் வரிசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஒரு தடவை நானும் இவரும் ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டோம். நான் சாமி எல்லாத்தையும் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். இவர் பாக்கெட்லேர்ந்து நாவலை எடுத்துட்டாரு. ஆள் வந்து கதவைத் திறந்தா, 'இருப்பா, இந்த அத்தியாயம் முடியட்டும்'ங்கறாரு!"

சிரித்தார்கள். அத்தைக்கும் வாய் திறந்துகொண்டது. "என் கல்யாணத்துல வாசல்ல நின்னு வர்றவங்களை வாங்கன்னு சொல்லுடான்னா, தூணுக்குப் பின்னால நின்னு படிச்சுக்கிட்டிருந்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அவனைப் பரீட்சைக்குப் படிக்கிற பையன்னு நினைச்சுக்கிட்டாங்க." சொல்லிவிட்டு அழுதாள்.

சின்னவள் காதில் எதுவும் ஏறவில்லை. கண் அண்ணனைத் தேடியது. அவன் தண்ணீர் கேன் பக்கத்தில் போனில் பேசுவது போல நின்றான். போனில் யாரும் இல்லை என்பது இங்கிருந்தே தெரிந்தது.

"அண்ணா. நீ படிச்சப்போ அப்பா முகம் எப்படி இருந்தது?"

"முகம் முகமாத்தான் இருந்தது."

"கோபமா ஏதாவது…"

"உனக்கு என்ன ஆச்சு? வண்டிக்குச் சொல்லணும், சர்டிஃபிகேட் வாங்கணும். இப்ப வந்து புக்கு, பக்கம்னுட்டு."

"அந்தத் தையல்காரன் கதவைச் சாத்தற இடம் வரைக்கும் படிச்சியா? அதை மட்டும் சொல்லு."

அவன் கழுத்து சிவந்தது. "அவர் ஒண்ணும் சொல்லலைன்னு நான்தான் சொல்றேன்ல? எத்தனை தடவை கேப்பே?"

குரல் உயர்ந்துவிட்டது. அத்தை அங்கிருந்தே கையை ஆட்டினாள். "அவன் அங்க படுத்துக் கிடக்கான், இங்க என்னடி ரெண்டு பேருக்கும் புத்தகச் சண்டை? நாலு பேர் பார்க்கறாங்க."

வண்டி வந்தது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார்கள். திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் இடித்தது. வழுக்கைத் தலைக்காரர், "வாழ்நாள் பூரா அடுத்தவங்களுக்கு லிஃப்ட் போட்டுக் கொடுத்த மனுஷன், இவர் வீட்ல ஒண்ணு இல்லை பாருங்க," என்று முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது வெயில் இறங்கவில்லை. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அத்தை மாத்திரை போட்டுக்கொண்டு கீழே படுக்கப் போனாள். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு அடுக்கினான். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினான். சின்னவள் இன்னொரு முனையிலிருந்து நாற்காலிகளை எடுத்து வந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

கடைசி நாற்காலியை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நான் அப்பாவை ஏமாத்திட்டேன்ணா. அந்தப் புக்குல இல்லாததையெல்லாம் படிச்சேன். உனக்கே தெரிஞ்சிருக்கும். அது தெரிஞ்சுக்கிட்டுப் போனாரா, தெரியாமப் போனாரா? இது தெரியாம என்னால இருக்க முடியாது."

அண்ணன் நாற்காலியை இழுத்தான். அவள் விடவில்லை. அவன் அதை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய உடம்பு, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிவிட்டு வந்த பையனைப் போல முழங்காலைக் கட்டிக்கொண்டது.

"கேட்டதும் லீவு கிடைக்கலை. சண்டை போட்டு வாங்கிட்டுக் கடல் தாண்டி ஓடி வந்தேன். என்கிட்ட ஒரு நல்ல வார்த்தை பேசிட்டுப் போவாருன்னு." மூக்கை உறிஞ்சினான். "நான் இருக்கறதைத்தான் படிச்சேன். ஒரு எழுத்து மாத்தலை."

"சரி. படிச்சே. அப்புறம்?"

"படுத்துக்கிட்டே என் கையைத் தட்டி விட்டாரு. கடைசியா அவர் என்கிட்ட பேசினதே அதுதான். 'உனக்குப் படிக்கத் தெரியலைடா, அந்த அப்பன் கதவைச் சாத்தவே இல்லை, சின்னவளைக் கூப்பிடு, அவ சரியாப் படிப்பா'ன்னாரு."