நீல இன்ஜினின் அழுக்கு

பெயிண்டருக்கு அழுக்கு ஆகாது. முப்பத்தொரு வருஷம் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்த மனுஷன். தெருவில் யாருடைய காரிலாவது காக்கை எச்சத்தைக் கண்டால்கூடக் கைக்குட்டையை எடுத்துவிடுவார். அவர் கைபட்ட கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். கை அப்படி. வாய்தான் உப்புத்தாள். அதில் அதிகம் தேய்ந்தவன் அவருடைய ஒரே மகன்.

அந்த மகன் போய் எட்டு மாதம் ஆகிறது. ஒன்பது நாள் காய்ச்சல், பத்தாம் நாள் ஆளே இல்லை. முப்பது வயது கூட ஆகவில்லை, என்ன கணக்கோ போங்கள்.

அவனுடைய மாடி அறையில் பெயிண்டர் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அவன் செய்த பிரிட்டிஷ் டீசல் ரயில் இன்ஜின் பொம்மை. அசலில் எழுபத்தாறில் ஒரு பங்கு, ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. நீல உடம்பு, மஞ்சள் மூக்கு, ஆறு அச்சு. கூரையில் மயிரிழைக் கம்பிச் சல்லடை, அதற்குள் ஒரு காற்றாடி. ஓட்டுநர் அறையை எட்டிப் பார்த்தால் மிளகு அளவில் ஒரு டீ கோப்பை கூட இருந்தது.

மகனைப் போலவே மாதிரி ரயில்கள் செய்கிறவர்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் உண்டு. அவர்களுக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். கண்காட்சியில் இவன் இன்ஜினை நடுவில் வைக்கப் போகிறோம், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போன் செய்திருந்தார். பெயிண்டரின் மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அவளும் ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவாள்.

நாலு பேர் பார்க்கிற இடம் என்றதும் பெயிண்டர் மகன் போன பிறகு முதல் தடவையாக அந்த இன்ஜினை உற்றுப் பார்த்தார். கூரையெல்லாம் கரி. சக்கரப் பக்கம் துருப்பிடித்த மாதிரி பழுப்பு. டீசல் தொட்டியருகே எண்ணெய் வழிந்த கோடுகள். சல்லடை மூலைகளில் மட்டும் அழுக்கு அப்பிக் கிடந்தது. எட்டு மாதத் தூசி என்று நினைத்தார். தூசிக்குள் அடங்காததையெல்லாம் பையனுக்குத் தூரிகை பிடிக்கத் தெரியாத கணக்கில் எழுதிவிட்டார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், நீலம் அடித்துக் காய்ந்த கையோடு, மகன் இதைக் கீழே கொண்டுவந்து காட்டினான். இவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இந்தா பாரு, பெயிண்ட் வழிஞ்சிருக்கு. பெயிண்டர் புள்ளைன்னு வெளியில சொல்லித் தொலைச்சிடாத."

சும்மா கிண்டல்தான். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே எடுத்துப் போனவன் அப்புறம் அதைக் கீழே கொண்டுவரவே இல்லை. அந்தச் சிரிப்பு எட்டு மாதமாக இவர் தொண்டையில் முள்ளாக நின்றது. செத்தவனிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. அவன் பெயரை நாலு பேர் முன்னால் தலைநிமிர வைக்கலாம், அவ்வளவுதான் இனி முடியும். தெரிந்த வேலையை வைத்துத்தானே செய்ய வேண்டும்?

சோப்புத் தண்ணீரில் ஆரம்பித்தார். அசையவில்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு, அரிசி அரிசியாக இடம் பிடித்துத் துடைத்தார். ஒரு கைப்பிடி உடையவில்லை, ஒரு எழுத்து அழியவில்லை. அப்படி ஒரு கை! சல்லடை மூலைகளுக்கே ஒரு நாள் முழுக்கப் போயிற்று. எழுபது குச்சியாவது கறுத்திருக்கும்.

அழுக்கு விலக விலக நீலம் வெளியே வந்தது. எங்கேயும் வழியவில்லை. வழிந்த இடத்தைப் பையன் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்திருந்தான். ஒட்டுப் போட்ட இடம் இவர் கண்ணுக்கே அகப்படவில்லை.

"டேய், நல்லாத்தான்டா அடிச்சிருக்க," என்று சத்தமாகவே சொன்னார். உயிரோடு இருந்தபோது சொல்ல வாய் வந்ததா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மேசையில் தலையை வைத்து அழுதார். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, பாலிஷ் போட உட்கார்ந்தார்.

ஞாயிறு காலை பல் டாக்டர் வந்தார். பெயிண்டர் மாப்பிள்ளையைக் காட்டுகிற மாதிரி துணியை விலக்கினார்.

டாக்டர் குனிந்தார். நிமிரவே இல்லை.

"இதுல இருந்த அழுக்கு எங்க?"

"எடுத்துட்டேன் டாக்டர். மூணு நாளாச்சு. எப்படி இருக்கு பாத்தீங்களா?"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். செல்போனை எடுத்து ஒரு பழைய போட்டோவைக் காட்டினார். மழையில் நிற்கிற அசல் இன்ஜின், அதே நம்பர்.

"இந்த இன்ஜின் அன்னிக்கு நின்ன மாதிரியே வேணும்னு உட்கார்ந்தான். வண்டி கழுவுற மிஷினோட பிரஷ் எட்டாத மூலையில மட்டும் அழுக்கு நிக்கும், பாருங்க. அதைக் கொண்டுவரவே நாலு மாசம். நீலம் அடிக்க எங்க எல்லாருக்கும் தெரியும். இந்த அழுக்கு வைக்க அவனை விட்டா ஆள் கிடையாது. நடுவுல வைக்கிறோம்னு சொன்னது அதுக்காகத்தான்."

பெயிண்டர் குனிந்தார். மேசைக்குக் கீழே கூடை நிறையக் கறுத்த பஞ்சுக்குச்சி. மகன் நாலு மாதம் செய்த வேலை அங்கேதான் கிடந்தது.

"மறுபடி பூசிடலாம்ல? போட்டோதான் இருக்கே?"

"பூசலாம். ஆனா அது என் அழுக்கா இருக்கும்."

"பரவாயில்ல, பூசுங்க. அவன் அம்மா வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுங்க டாக்டர், உங்க கால்ல வேணா விழறேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் நடக்குமா? கீழே கதவு திறந்தது. டாக்டரின் செருப்பைப் பார்த்துவிட்டு, மனைவி தோள்பையோடு மாடியேறி வந்துவிட்டாள்.

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடறேன்," என்று இன்ஜினைக் கையில் எடுத்தாள்.

கூரையைப் பார்த்தாள். திருப்பிச் சக்கரத்தைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் பெயிண்டர் பிழைத்திருப்பார்.

"இங்க இருந்த துருவெல்லாம் என் விரலைப் பிடிச்சு ஒத்தி ஒத்தி வச்சான். உன் விரல்தாம்மா மெத்துன்னு இருக்குன்னான்," என்றாள். "முடிச்சதும், அப்பா ஒரு தடவை மேல வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்மான்னான். நான் மூணு தடவை வந்து கூப்பிட்டேன். வேலை இருக்குன்னீங்க."

"எனக்குத் தெரியாதுடி. அவனுக்கு நல்லது பண்றதா நினைச்சுத்தான்..."

"அப்படித்தான் எப்பவும் பண்ணினீங்க."

இன்ஜினை நெஞ்சோடு ஒரு கணம் அணைத்துவிட்டு டாக்டர் கையில் கொடுத்தாள்.

"எதுவும் பூச வேணாம் டாக்டர். இப்படியே வைங்க. ஆனா பக்கத்துல வைக்கிற அட்டையில அவன் பேரை எழுதாதீங்க. இவர் பேரை எழுதுங்க."

"ஐயோ, அவன் பேரை எடுத்துடாதடி," என்று பெயிண்டர் குழந்தை மாதிரி அழுதார். அவள் தோள்பையைச் சரிசெய்துகொண்டு படி இறங்கிப் போனாள்.